தகுதி வழக்கு

எம்.ஏ. முதலாண்டில் எங்களுக்கு நன்னூல் பாடம். தகுதி வழக்கு மூன்று: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. அவையில் சொல்லக் கூசுகிற சொல்லை மறைத்து வேறு சொல்லால் சொல்வது இடக்கரடக்கல். மங்கலமில்லாததை மங்கலமாக்கிச் சொல்வது மங்கலம். ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்குமாறு ஒரு பெயரிட்டு வழங்குவது குழூஉக்குறி. இடக்கரடக்கலுக்கு எடுத்துக்காட்டு 'கால் கழுவி வந்தான்'. எதை மறைக்க இப்படிச் சொல்கிறோம் என்பதைப் பேராசிரியர் கடைசிவரை வாய் திறந்து சொல்லவில்லை. வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு எங்க அவ்வா நினைவுக்கு வந்தாள்.

வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழுமாக வளர்ந்த அருந்ததியர் வீட்டுப் பையன் நான். தாமிரபரணிக் கரையில் ஒரு பேரூராட்சி எங்கள் ஊர். அவ்வா எடுப்புக் கக்கூஸ் எடுத்தவள். கொல்லைப்புறச் சந்து வழியாகப் போய், தகரத்தால் வழித்து, சாம்பலைத் தூவி, கூடையில் அள்ளி, ஊருக்குக் கிழக்கே உரக்கிடங்கில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருவாள். மழைக்காலத்தில் கிடங்கு நிறைந்து ஆத்தோடு போகும். அவளுக்கு அந்த வீடுகளில் பெயர் கிடையாது. "கொல்லைப் பக்கம் ஆள் வந்திருக்கு" என்பார்கள். பீக்கு ஓர் இடக்கரடக்கல், பீ அள்ளுகிறவளுக்கும் ஓர் இடக்கரடக்கல். நன்னூல் இந்த விதியைச் சொல்லுக்குத்தான் சொன்னது. ஊர் அதை மனுஷிக்கும் வைத்துக்கொண்டது.

இந்தக் கட்டுரை ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைப் பற்றியது. தலித் இதழில் இதற்கு என்ன இடம் என்று தோழர்கள் கேட்கலாம். பீயைப் பற்றி நாம் பேசாமல் வேறு யார் பேசுவார்கள் என்பதே என் பதில்.

எங்கள் ஊரில் பாதாளச் சாக்கடை இல்லை. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். நிறைந்தால் லாரி வரும். லாரி ராத்திரியில் எங்கே போய்க் கொட்டும் என்பது ஊரறிந்த ரகசியம்: ஓடைப் பாலத்துக்கு அடியில். குளித்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர் எல்லாம் திறந்த சாக்கடை வழியாக ஓடி அதே ஓடையில் விழும். ஓடை ஆற்றில் சேருகிற இடம் எங்கள் துறைக்கு நூறடி மேலே. ஆற்றில் துறைகள் வரிசையாக இருந்ததை எங்கள் அய்யா சொல்வார். மேலே அக்ரகாரத்துத் துறை. அதற்குக் கீழே பிள்ளைமார் துறை. அப்புறம் மற்ற மற்ற சாதிகள். எல்லாருக்கும் கீழே எங்கள் துறை. எல்லாரும் குளித்து மிஞ்சிய தண்ணீர் எங்களுக்கு. இன்று துறைகளில் அந்தக் காவல் இல்லை. ஆனால் ஓடை அந்த வரிசையை அப்படியே காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

இப்போது சுத்திகரிப்பு நிலையம் கட்ட இடம் பார்த்திருக்கிறார்கள். எந்த இடம் என்று நான் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும். எங்கள் காலனிக்குப் பின்னால், எங்கள் இடுகாட்டை ஒட்டிய புறம்போக்கு.

காலனி இரண்டாகப் பிரிந்தது. "பீ அள்ளுனது போதாதுன்னு இனிமே பீக்குப் பக்கத்துலயே குடியிருக்கணுமா?" என்று பையன்கள் கொதித்தார்கள். எதிர்த்து மனு எழுது, நீதானே எம்.ஏ. படித்தவன் என்று என்னிடம் பேப்பரை நீட்டினார்கள். அவர்கள் கோபத்தில் ஒரு சொல்லைக்கூட என்னால் மறுக்க முடியாது. சுடுகாடு, குப்பைமேடு, பன்றித்தொழுவம் என்று ஊருக்கு வேண்டாதது எல்லாம் வந்து சேருகிற திசை நம்முடைய திசைதான்.

எழுத உட்கார்ந்தேன். அய்யா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். முப்பது வருஷம் பேரூராட்சியில் துப்புரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "எதுத்து எழுதாதல" என்றார். "அந்த லாரிக்காரன் கொட்டுதது இப்ப எங்க வருது? நம்ம தொறைக்குத்தான வருது. பீ ஏற்கெனவே நம்ம வாசல்லதான் கெடக்கு. தொட்டி கட்டி, வேலி போட்டுக் கெடக்கட்டுமே. அதுவும் போக, நமக்குக் கீழயும் ஊரு இருக்குல்லா? அவன் என்ன பாவம் செஞ்சான்?"

இந்த இரண்டு நியாயங்களுக்கும் நடுவில் மூன்று மாதம் நின்றேன்.

முதலில், ஆற்றுக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பீயை ஆறு தின்னும். ஆற்றில் இருக்கிற நுண்ணுயிர்கள்தான் தின்கின்றன. தின்பதற்கு அவற்றுக்கு மூச்சுக்காற்று வேண்டும். தண்ணீரில் கரைந்திருக்கிற ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன. பத்து வீட்டுக் கழிவு என்றால் ஆறு சமாளித்துக்கொள்ளும். ஒரு ஊரின் கழிவு வந்து விழுந்தால் தின்கிற வேகத்துக்கு ஆக்சிஜன் ஈடுகொடுக்காது. மீன் மூச்சு முட்டிச் செத்து மிதக்கும். கழிவில் இருக்கிற தழைச்சத்தைத் தின்று அமலைச்செடி கரையிலிருந்து கரைவரை மூடும். வெயில் உள்ளே இறங்காது. வாந்திபேதி, டைபாய்டு, மஞ்சள்காமாலைக் கிருமிகள் தண்ணீரோடு இறங்கிப் போகும். திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் எத்தனையோ ஊர்களுக்குக் குடிதண்ணீர் இந்த ஆறுதான்.

இதையெல்லாம் அளக்க அளவுகோல் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் இருக்கிற கழிவைத் தின்று தீர்க்க நுண்ணுயிர்களுக்கு எத்தனை மில்லிகிராம் ஆக்சிஜன் தேவைப்படுகிறது என்று 27 டிகிரி வெப்பத்தில் 3 நாள் வைத்து நம் நாட்டு ஆய்வகங்களில் அளக்கிறார்கள். இதைத்தான் பி.ஓ.டி. என்கிறார்கள். வீட்டுச் சாக்கடையில் அது 200, 300 இருக்கும். செப்டிக் டேங்க் கசடில் அதைவிடப் பல மடங்கு. மனிதர் இறங்கிக் குளிக்கிற ஆற்றில் 3க்கு மேல் போகக் கூடாது, கரைந்த ஆக்சிஜன் 5க்குக் குறையக் கூடாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவு.

இந்த எண்களை நான் ஒரு காரணத்துக்காகத்தான் அடுக்குகிறேன். தீட்டுக்கு இப்படி ஓர் எண் கிடையாது. அசுத்தத்தை அளக்கலாம், குறைக்கலாம், எவ்வளவு குறைந்தது என்று திரும்ப அளந்து பார்க்கலாம். தீட்டை அளக்க முடியாது. அது பொருளில் இல்லை, பார்க்கிறவன் மனசில் இருக்கிறது. 1927 மார்ச் 20ஆம் தேதி மகாட் நகரத்தின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தன் மக்களோடு இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். ஆடு மாடு இறங்கிக் குடித்த குளம் அது. தீண்டப்படாதவன் கை பட்டதும் கெட்டுப்போனது என்றார்கள். 108 குடம் பஞ்சகவ்வியத்தை மந்திரம் சொல்லி ஊற்றிச் 'சுத்தம்' செய்தார்கள். பஞ்சகவ்வியம் என்றால் என்ன? பாலும் தயிரும் நெய்யும் மட்டுமல்ல, சாணியும் மூத்திரமும் சேர்ந்தது. அன்றைக்கு யாராவது பி.ஓ.டி. அளந்திருந்தால், குளம் கெட்டது எப்போது என்று தெரிந்திருக்கும். அம்பேத்கர் குடித்தபோது அல்ல, அதற்குப் பிறகு அதைத் 'துப்புரவு' செய்தபோது.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரிந்தபோது நாடே அதிர்ந்தது. அதிர வேண்டியதுதான். ஆனால் ஓர் ஊர் முழுக்கச் சேர்ந்து, தினம் தினம், கீழே குடிக்கிறவன் இருக்கிறான் என்று தெரிந்தே ஆற்றில் கலக்கிறபோது அதற்கு நாம் குற்றம் என்று பெயர் வைப்பதில்லை. 'வடிகால் வசதி' என்று பெயர். இது மங்கலம். 2018இல் தாமிரபரணியில் புஷ்கரம் நடந்தது. தாயே என்று கும்பிட்டு, முங்கிக் குளித்துவிட்டுப் போனார்கள். தாய் என்பதும் ஒரு மங்கலமாகத்தான் எனக்குப் படுகிறது. எங்களுக்கு இந்த ஆற்றோடு வேறு ஒரு கணக்கும் இருக்கிறது. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளிகளுக்காக ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்து விரட்ட, 17 பேர் செத்தது இந்த ஆற்றில்தான். அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. ஆறு தாயா, சாட்சியா என்பது கரையில் எங்கே நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது.

சாக்கடையும் சுத்திகரிப்பும் ஒன்று என்றுதான் நான் நெடுநாள் நினைத்திருந்தேன். இல்லை. 1858 கோடையில் லண்டனில் தேம்ஸ் ஆறு நாறியது. நாடாளுமன்றத்தில் உட்கார முடியாமல் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். ஏழைகள் காலராவில் செத்த வருஷங்களில் அசையாத நாடாளுமன்றம், தன் மூக்குக்கு வந்ததும் சில வாரங்களில் சட்டம் போட்டது. பொறியாளர் பேசல்ஜெட் பிரமாதமான பாதாளச் சாக்கடைகளைக் கட்டினார். அவை என்ன செய்தன? நகரத்துக் கழிவை நகரத்துக்குக் கிழக்கே, ஆற்றின் கீழ்ப்பக்கமாகக் கொண்டுபோய் அதே ஆற்றில் விட்டன. நகரம் பிழைத்தது. கீழே இருந்தவன் பாடு அவனோடு.

சாக்கடையின் தத்துவம் இதுதான்: என் கண்ணிலிருந்து போனால் போதும். தீட்டின் தத்துவமும் இதேதான். அசுத்தத்தை இல்லாமல் ஆக்குவது அதன் நோக்கமல்ல, இன்னொருவன் தலைக்கு மாற்றுவதுதான் நோக்கம். சுத்திகரிப்பு நிலையம் வேறொரு கேள்வியிலிருந்து தொடங்குகிறது: இது இங்கிருந்து யாரிடம் போகப்போகிறது? என்னுடைய கழிவு கீழே இருக்கிறவன் வாசலுக்குப் போகும் முன்னே அதற்கு நான் பொறுப்பேற்கிறேன் என்பதுதான் அந்தத் தொட்டிகளின் பொருள். சாதியச் சமூகத்துக்குக் கொஞ்சமும் பழக்கமில்லாத யோசனை இது.

பக்கத்து மாவட்டத்தில் ஓடுகிற ஒரு நிலையத்தைப் போய்ப் பார்த்தேன். வருகிற தண்ணீர் முதலில் கம்பிச் சல்லடையில் நுழைகிறது. துணி, பிளாஸ்டிக், நாப்கின் எல்லாம் அங்கே தங்கிவிடும். அப்புறம் மணல் படிகிற தொட்டி. அப்புறம் காற்றூட்டும் தொட்டி. ஆற்றில் நுண்ணுயிர் செய்கிற அதே வேலைதான் இங்கேயும் நடக்கிறது, ஆனால் மூச்சுக்காற்றை ஆற்றிடமிருந்து பிடுங்காமல் இயந்திரம் ஊதித் தருகிறது. கடைசியில் தெளியவிட்டு, குளோரின் கலந்து வெளியே விடுகிறார்கள். 300 என்று உள்ளே வந்தது ஒழுங்காக நடத்தினால் 30க்கும் கீழே இறங்கி வெளியே போகிறது.

காற்றூட்டும் தொட்டிக்கு ஒரு கதை இருக்கிறது. சாக்கடைத் தண்ணீரில் காற்றை ஊதினால் தெளியும் என்பது முன்பே தெரியும். ஆனால் வாரக்கணக்கில் ஆகும். ஒவ்வொரு தடவையும் அடியில் படிந்த கசடைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குவார்கள். 1914இல் மான்செஸ்டரில் ஆர்டர்ன், லாக்கெட் என்ற இரண்டு பேர் அந்தக் கசடைக் கொட்டாமல் தொட்டியிலேயே வைத்துக்கொண்டு அதன்மேல் புதுச் சாக்கடையை விட்டார்கள். வாரங்கள் மணிக்கணக்காகக் குறைந்தன. தெளிய வைக்கிற உயிர்கள் அத்தனையும் கசடில்தான் இருந்தன. கழிவு என்று ஒதுக்கியதுதான் இத்தனை காலமும் வேலை செய்துகொண்டிருந்தது என்று கண்டுபிடிக்க விஞ்ஞானத்துக்கு அவ்வளவு நாள் ஆனது. எங்கள் தெருவில் சொல்லியிருந்தால் முன்னமே புரிந்திருக்கும்.

எங்களைப் போன்ற சின்ன ஊருக்கு இவ்வளவு இயந்திரம்கூட வேண்டாம். இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கருங்குழிப் பேரூராட்சியில் 2017இல் தொடங்கிய நிலையம் செப்டிக் டேங்க் லாரிகளுக்கானது. லாரி கசடை அங்கே கொண்டுவந்து கொடுக்கும். மணலும் ஜல்லியும் பரப்பிய படுகையில் விடுவார்கள். தண்ணீர் கீழே வடிந்து தனியே சுத்தமாகும். மேலே தங்கியது வெயிலில் காய்ந்து உரமாகும். அவ்வளவுதான். ஓடைப் பாலத்துக்கு அடியில் லாரி நிற்பதற்கு ஒரு காரணம் குறைகிறது.

இதெல்லாம் சரி. நான் பார்த்த நிலையத்தில் ஆய்வக அறை ஒன்று இருந்தது. வெள்ளைச் சட்டை போட்ட இளைஞர் கண்ணாடிக் குழாயோடு நின்றார். நன்றாகப் பேசினார். வெளியே கம்பிச் சல்லடையில் சிக்கியதைக் கைக்கோலால் வாரிக்கொண்டிருந்த பெரியவரிடம் ஊர் கேட்டேன், தெரு கேட்டேன். கேட்க வேண்டியதே இல்லை. "நம்ம ஆளுகதான் தம்பி" என்றார். படுகையில் காய்ந்ததை மண்வெட்டியால் வெட்டி எடுத்த இரண்டு பெண்களும் நம்ம ஆளுகதான். இயந்திரம் வந்தால் சாதி போகும் என்று சொல்லும் தோழர்கள் அந்தச் சல்லடைப் பக்கம் ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும். 'மனிதன் இறங்கித்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை' என்கிற சாக்கை இயந்திரம் ஒழிக்கும். சாதியை அது தொடாது.

எங்கள் சித்தப்பா 2009இல் ஒரு கல்யாண மண்டபத்துச் செப்டிக் டேங்கில் இறங்கிச் செத்தார். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிற ஹைட்ரஜன் சல்பைடு என்கிற வாயு அது. அதன் அளவு கூடுகிறபோது மூக்கு மரத்துவிடும், நாற்றம் தெரியாமல் போகும். இறங்குகிறவன் பரவாயில்லை என்று நினைத்துக்கொள்வான். நாற்றம் நின்றுபோன இடத்தில்தான் சாவு இருக்கிறது. போலீஸ் காகிதத்தில் 'தவறி விழுந்து இறந்தார்' என்று எழுதினார்கள். மங்கலம்! 1993லேயே கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கச் சட்டம் வந்தது, 2013இல் இன்னொரு சட்டம். 1993 முதல் சாக்கடையில் செத்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் சொன்ன பிறகு, 'தவறி விழுந்து' என்ற இரண்டு சொல்லை அடிக்க வைக்க எங்களுக்கு மூன்று வருஷம் ஆனது. 2023 அக்டோபரில் அந்தத் தொகையை 30 லட்சமாக்கியது நீதிமன்றம். 2020களின் தொடக்கத்தில் நாடாளுமன்றத்தில் வைத்த கணக்கில் இப்படிச் செத்தவர்கள் அதிகமுள்ள மாநிலம் தமிழ்நாடு. தோட்டி என்றவர்கள் துப்புரவுப் பணியாளர் என்றார்கள், இப்போது தூய்மைப் பணியாளர் என்கிறார்கள். பெயர் இரண்டு தடவை மாறியது. குழிக்குள் இறங்குகிற தெரு மாறவில்லை.

இப்போது கேள்விக்கு வருகிறேன். ஊர் நமக்கு எந்தப் பொறுப்பும் காட்டியதில்லை. அப்படியிருக்க, ஊரும் ஆறும் சுத்தமாக வேண்டும் என்று நாம் ஏன் கவலைப்பட வேண்டும்? கோபத்தில் நியாயமான கேள்விதான். ஆனால் அய்யா கேட்ட கேள்வி அதைவிடப் பெரிதாக இருக்கிறது. நமக்குக் கீழே ஊர் இருக்கிறது. அந்த ஊருக்கும் கடைசித் துறை ஒன்று இருக்கும். அந்தத் துறையில் யார் குளிப்பார்கள் என்று நமக்குத் தெரியாதா? இந்த நிலையம் வராமல் நாம் தடுத்தால் அக்ரகாரத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அவர்கள் வீட்டில் கேன் தண்ணீர். நஷ்டம் புன்னைக்காயல்வரை இருக்கிற கடைசித் துறைகளுக்கு. மேலே இருக்கிறவன் எனக்குச் செய்ததை நான் கீழே இருக்கிறவனுக்குச் செய்வதுதான் சாதியின் அடிப்படைப் பாடம். ஒவ்வொருவனுக்கும் கீழே ஒருவனைக் காட்டித்தான் அது இத்தனை காலம் ஓடியது. அந்தப் பாடத்தை நம் கையால் இன்னொரு தடவை எழுத வேண்டாம் என்று தோன்றியது.

புறம் தூய்மையாக நீர் போதும் என்றார் வள்ளுவர். அந்த நீர் தூய்மையாக என்ன வேண்டும் என்று அவர் காலத்தில் கேட்க வேண்டியிருக்கவில்லை. நம் காலத்தில் அதற்கு நியாயம் வேண்டும். ஆற்றை 3க்குக் கொண்டுவந்துவிட்டு, அதற்காக ஒரே தெருவைக் குழிக்குள் வைத்திருந்தால், அந்தத் தண்ணீர் ஆய்வகத்தில் தேறும், அறத்தில் தேறாது. அதற்காக, ஆய்வகத்தில் தேறாத தண்ணீரை அறத்தின் பெயரால் குடிக்கவும் முடியாது. இரண்டும் வேண்டும்.

மனு எழுதினேன். நிலையம் வேண்டாம் என்று எழுதவில்லை. பையன்களை உட்காரவைத்து இரண்டு ராத்திரி பேசி, எல்லாருமாகச் சேர்ந்து எழுதினோம். இடுகாட்டிலிருந்தும் வீடுகளிலிருந்தும் தள்ளிக் கட்ட வேண்டும். சுற்றிலும் மரம் வைக்க வேண்டும். சல்லடை வாருவதும் கசடு அள்ளுவதும் இயந்திரத்தால் நடக்க வேண்டும். வெளியே விடுகிற தண்ணீரின் அளவை எங்களுக்குப் புரிகிற தமிழில் மாதாமாதம் பலகையில் எழுதிப் போட வேண்டும், பி.ஓ.டி., கே.எல்.டி. என்று அதிகாரிகளின் குழூஉக்குறியில் அல்ல. ஆய்வக வேலைக்கு எங்கள் பிள்ளைகளில் படித்தவர்களை எடுக்க வேண்டும். கடைசியாக ஒன்று: மற்ற வேலைகளுக்கு ஊரின் எல்லாத் தெருக்களிலிருந்தும் ஆள் எடுக்க வேண்டும்.

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் செயல் அலுவலர் மனுவைப் படித்துக்கொண்டே வந்தார். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கடைசி வரிக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். கெட்ட மனுஷர் இல்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார்: "எல்லாத் தெருவுல இருந்துமா? யாரு தம்பி வருவா?"

கூட்டத்தில் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஒருவரும் பதில் சொல்லவில்லை. அவர்கள் சொல்லும்வரை நாங்களும் சொல்லப்போவதில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். மனு நிலுவையில் இருக்கிறது. நிலையம் எப்படியும் வரும், வரட்டும். வந்த பிறகு ஆற்றுத் தண்ணீரை ஆய்வகம் அளந்து சொல்லும். சல்லடையில் வாருகிற கை எந்தத் தெருக் கை என்று அது அளக்காது. அதை நாம்தான் வாராவாரம் போய்ப் பார்த்து எழுத வேண்டும்.